அசையாமல் உட்கார்ந்தால் விளக்கு அணைகிறது: ஆள் இருப்பதை அறிய எந்த சென்சார்?

வாசிப்பறை எழுதியது:

வணக்கம். ரொம்ப நாளாக ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்தவன், இப்போது கேள்வியோடு வந்திருக்கிறேன். படிக்கும் அறையின் மூலையில், கூரையை ஒட்டி ஒரு பிஐஆர் சென்சார் (உடல் வெப்பத்தின் அசைவை உணர்வது), அதன் பின்னால் ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), அதில் விளக்கு. உள்ளே நுழைந்தால் பளிச்சென்று எரிகிறது, அதில் குறையே இல்லை. உட்கார்ந்து புத்தகத்தில் மூழ்கினால் அணைந்துவிடுகிறது. கையைத் தூக்கி ஆட்டினால் மறுபடி எரியும். டைமரைக் கூட்டி வைத்தேன், இப்போது ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்துகொண்டே கிடக்கிறது.

அறை நான்கு மீட்டருக்கு மூன்றரை மீட்டர். ஒரு பக்கச் சுவர் ஜிப்சம் போர்டு, அதற்கு அந்தப் பக்கம் நடைவழி. நடுவில் மின்விசிறி, ஜன்னலில் திரை. ஈஎஸ்பி32 என்ற வைஃபை உள்ள சின்னக் கட்டுப்பாட்டுச் சிப், சாலிடரிங் எல்லாம் கைப்பழக்கம் உண்டு. கேமரா வேண்டாம், அது முடிவான விஷயம்.

இதோடு இன்னும் இரண்டு இடம் பாக்கி. ஒன்று குளியலறை, உள்ளே கண்ணாடித் தடுப்பு இருக்கிறது. இன்னொன்று அப்பாவின் அறை. இரவில் அவர் எழுந்து நின்றால் நடைவழி விளக்கு தானாக எரிய வேண்டும், படுக்கையில் புரண்டால் எரியக் கூடாது. எம்எம்வேவ் (மில்லிமீட்டர் அலை) ரேடார் வாங்கினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்கிறார்கள். மூன்று இடத்திலும் அதையே மாட்டிவிடலாமா?

பழையரிலே எழுதியது:

மாட்டலாம். மாட்டிவிட்டு மூன்று இடத்திலும் மூன்று விதமாகத் திட்டுவீர்கள்.

முதலில் பிஐஆர் மேல் பழி போடுவதை விடுங்கள், அது தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. "யாராவது இருக்கிறார்களா" என்று அதனிடம் யாரும் கேட்கவே இல்லை. "ஏதாவது சூடான பொருள் குறுக்கே நகர்ந்ததா" என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். உள்ளே இரண்டு பைரோஎலெக்ட்ரிக் துண்டுகள், அதாவது வெப்பம் மாறினால் மின்சிக்னல் தருபவை, எதிரெதிராக இணைக்கப்பட்டிருக்கும். அறை முழுக்கச் சேர்ந்து சூடானால் இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும், வெளியே ஒன்றும் வராது. மனித உடம்பு விடும் அகச்சிவப்பு சுமார் 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில்தான் உச்சமாக இருக்கும். அது முதலில் ஒரு துண்டில் பட்டு, அப்புறம் அடுத்த துண்டில் பட்டால்தான் சிக்னல். முன்னால் இருக்கும் வெள்ளை பிளாஸ்டிக் ஃப்ரெனெல் லென்ஸ் அறையைக் கதிர் கதிராகப் பிரித்து வைக்கிறது. நீங்கள் ஒரு கதிரிலிருந்து அடுத்த கதிருக்குத் தாண்ட வேண்டும், தூரம் கூடக் கூட இரண்டு கதிருக்கும் நடுவே இடைவெளி விரியும். நான்கு மீட்டர் தள்ளி உட்கார்ந்து பக்கத்தைப் புரட்டுகிற கை எந்தக் கதிரையும் தாண்டுவதில்லை.

சென்சார் விவரத்தாளில் பெரும்பாலும் பெரிய வட்டத்தைத்தான் பார்க்கிறோம். நல்ல தயாரிப்பாளர்கள் இரண்டு வட்டம் போடுவார்கள். நெமா என்ற அமெரிக்க மின்சாதனத் தயாரிப்பாளர் சங்கத்தின் டபிள்யூடி 7 என்ற தரநிலையே பெரிய அசைவு, சிறு அசைவு என்று பிரித்துத்தான் சோதிக்கச் சொல்கிறது. பெரிய அசைவு என்றால் நடக்கிற ஆள், சிறு அசைவு என்றால் உட்கார்ந்த ஆளின் கை. உள்ளே இருக்கும் சின்ன வட்டத்துக்குள் உங்கள் நாற்காலி வருகிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் சென்சாரை நாற்காலிக்கு மேலே இரண்டு மீட்டருக்குள் கொண்டுவந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும், ஒரு பைசா செலவில்லாமல்.

அறையின் வெப்பம் தோலின் வெப்பத்தை நெருங்கினால் பிஐஆர் மந்தமாகிவிடும். இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தோலின் மேற்பரப்பு 32 - 34 டிகிரி என்றால், 33 டிகிரி அறையில் அதற்கு நீங்கள் இருப்பதே தெரியாது.

அலைநீளம் எழுதியது:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் அசையாத ஆளுக்கு ரேடார்தான் பதில், அதை மழுப்ப வேண்டாம்.

ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன். மூச்சு விடும்போது மார்பு சில மில்லிமீட்டர் முன்னும் பின்னும் போகும். 24 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 மில்லிமீட்டர், 60 கிகாஹெர்ட்ஸுக்கு 5 மில்லிமீட்டர். மார்பு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் அலை போய்த் திரும்பும் பாதை இரண்டு மில்லிமீட்டர் மாறும். அதாவது 24-இல் அலையின் கட்டம் (ஃபேஸ், ஒரு முழு அலை 360 டிகிரி) கிட்டத்தட்ட 58 டிகிரி திரும்பும், 60-இல் 144 டிகிரி. இது சின்ன விஷயமே இல்லை, நன்றாக அளக்கலாம். மூச்சையே பிடிக்கும் என்று விளம்பரம் செய்வது இதை வைத்துத்தான்.

பெரும்பாலானோர் கையில் இருப்பது ஹைலிங்க் எல்டி2410 என்ற ரேடார் மாட்யூல். 24 கிகாஹெர்ட்ஸ், எஃப்எம்சிடபிள்யூ, அதாவது அதிர்வெண்ணைச் சாய்வாக ஏற்றி ஏற்றி அனுப்பி, திரும்பி வருவதோடு ஒப்பிட்டுத் தூரத்தைக் கணக்கிடும். 0.75 மீட்டருக்கு ஒன்றாக அறையைக் 'கேட்' கேட்டாகப் பிரித்து, ஒவ்வொரு கேட்டிலும் அசைகிற ஆளுக்கு ஓர் அளவு, அசையாத ஆளுக்கு ஓர் அளவு என்று தனித்தனியாகத் தருகிறது. இரண்டுக்கும் தனித்தனி வரம்பும் வைக்கலாம். பிஐஆர் கொடுக்கும் ஆம், இல்லை என்ற ஒற்றைக் கம்பியோடு இதை ஒப்பிடவே முடியாது.

சாலிடர்புகை எழுதியது:

அலைநீளம் சொன்ன இயற்பியலில் தப்பு இல்லை. ஆனால் அந்த ஒரு மில்லிமீட்டர் மார்பைப் பிடிக்கிற அதே சென்சார், ஜன்னல் திரை ஆடுவதையும் பிடிக்கும், மின்விசிறி இறக்கையையும் பிடிக்கும், தொட்டிச் செடியின் இலையையும் பிடிக்கும். பிஐஆர் இருக்கிற ஆளை இல்லை என்று சொல்லும், ரேடார் இல்லாத ஆளை இருக்கிறார் என்று சொல்லும். இரண்டில் எந்தப் பொய் உங்களுக்குப் பரவாயில்லை என்று முதலில் முடிவு பண்ணுங்கள், அப்புறம் கடைக்குப் போகலாம்.

உங்கள் அறையில் எனக்கு உறுத்துவது ஜிப்சம் சுவர். 24 கிகாஹெர்ட்ஸ் அதைத் தாண்டிப் போகும். மரம், கண்ணாடி, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் ஓரளவு தாண்டும், உலோகம்தான் திருப்பி அடிக்கும். நடைவழியில் யாராவது போனால் படிக்கும் அறையில் விளக்கு எரியும். எல்டி2410-இல் அதிகபட்சக் கேட்டைக் குறைத்து ஓரளவு சமாளிக்கலாம், ஆனால் கேட் என்பது தூரம் மட்டும்தான், திசை இல்லை. சென்சாரிலிருந்து இரண்டு மீட்டரில் உங்கள் நாற்காலியும், வேறு பக்கம் இரண்டு மீட்டரில் நடைவழியும் இருந்தால் இரண்டும் அதற்கு ஒரே கேட்தான்.

இதனால் சென்சாரை எந்தச் சுவரில் வைப்பது என்பதுதான் முழு விஷயமும். ஜிப்சம் சுவரிலேயே வைத்து, முதுகை நடைவழிக்குக் காட்டுங்கள். பின்பக்கம் முழுசாகக் குருடு இல்லைதான், அலை எதிர்ச்சுவரில் பட்டு எதிரொலித்தும் வரும், ஆனால் நேராகச் சுவரைப் பார்ப்பதைவிட எவ்வளவோ மேல். மின்விசிறியின் தளத்துக்குக் கீழே, உட்கார்ந்தால் மார்பு இருக்கிற உயரத்தில் வையுங்கள்.

அப்புறம் ஆர்சிடபிள்யூஎல்-0516 என்று ஒரு சின்னப் பச்சை மாட்யூல் கிடைக்கும், மைக்ரோவேவ் ரேடார் என்றுதான் அதையும் விற்பார்கள். அது சுமார் 3.2 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிற வெறும் டாப்ளர், அதாவது அசைவால் அதிர்வெண் மாறுவதை மட்டும் பார்ப்பது. தூரம் தெரியாது, சுவர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை, அசையாத ஆளும் தெரியாது. பிஐஆரின் குறையும் ரேடாரின் குறையும் ஒன்றாகச் சேர்ந்தது. வாங்காதீர்கள்.

அலைநீளம் எழுதியது:

சாலிடர்புகை சொன்ன கேட் விஷயத்தில் ஒரு சேர்க்கை. 24 கிகாஹெர்ட்ஸில் பொதுவாக அனுமதிக்கப்பட்ட அதிர்வெண் பட்டை 250 மெகாஹெர்ட்ஸ் அகலம்தான். தூரப் பிரிப்பு என்பது ஒளியின் வேகத்தை அகலத்தின் இரு மடங்கால் வகுத்தது, ஆக 60 சென்டிமீட்டர். சென்சாரிலிருந்து பார்க்கும்போது ஆடுகிற திரையும் நீங்களும் அந்த 60 சென்டிமீட்டருக்குள் வந்தால் எந்த அமைப்பாலும் பிரிக்க முடியாது. 60 கிகாஹெர்ட்ஸ் சிப்புகளில் 4 கிகாஹெர்ட்ஸ் அகலம் வரை போகலாம், அங்கே இதே கணக்கு 4 சென்டிமீட்டருக்குக் கீழே வரும். 60-க்கு ஆட்கள் போவது இதற்காகத்தான், சும்மா எண் பெரிதாக இருக்கிறது என்பதற்காக இல்லை.

நுண்ணோக்கி77 எழுதியது:

எதற்கு இவ்வளவு சுற்று? ஒரு சின்னக் கேமரா, உள்ளேயே ஓடுகிற ஆள் கண்டறியும் மாடல், படத்தை வெளியே அனுப்பாமல் ஆம், இல்லை மட்டும் அனுப்பு. அசையாத ஆள், எத்தனை பேர், நாயா மனிதனா, எல்லாம் தெரியும். ரேடாரில் கேட் கேட்டாக உட்கார்ந்து தடவ வேண்டியதில்லை.

பழையரிலே எழுதியது:

வேண்டாம் என்று அவர் முதல் பதிவிலேயே சொல்லிவிட்டார். படம் வெளியே போகாது என்று உங்களுக்குத் தெரியும், அறைக்குள் இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்? விருந்தாளி ஒருவர் லென்ஸைப் பார்த்தால் பார்த்ததுதான். குளியலறையில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. போதாததற்கு, விளக்கு அணைந்த இருட்டில் சாதாரணக் கேமராவுக்கு ஒன்றும் தெரியாது. தனியாக அகச்சிவப்பு விளக்கு வைக்க வேண்டும், விளக்கு போடுவதற்கு ஒரு விளக்கு.

நுண்ணோக்கி77 எழுதியது:

சரி சரி, அடிக்க வராதீர்கள். ஆனால் எத்தனை பேர் என்று எண்ண வேண்டும் என்றால் கேமராவை அடிக்க ஆளில்லை, அதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

கதவோரம் எழுதியது:

குளியலறைக்கு நான் சொல்கிறேன், அங்கே ரேடார், கேமரா ஒன்றும் வேண்டாம். கதவில் ஒரு காந்த சென்சார், உள்ளே ஒரு பிஐஆர், அவ்வளவுதான். மூடிய பெட்டிக்குள் குளவி ரீங்கரித்தால் அது உள்ளே இருக்கிறது, பெட்டியைத் திறக்கும் வரை வெளியே போயிருக்க வழியில்லை. கதவு மூடியிருக்கும்போது ஒரு தடவை அசைவு தெரிந்துவிட்டால் போதும், கதவு மறுபடி திறக்கும் வரை உள்ளே ஆள் இருக்கிறார் என்றே வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு நேரம் அசையாமல் இருந்தாலும் விளக்கு அணையாது. கதவு திறந்த பிறகு சாதாரண டைமர்.

உங்கள் கண்ணாடித் தடுப்பைப் பற்றி ஒன்று: பிஐஆர் பார்க்கும் நீள அலை அகச்சிவப்புக்குக் கண்ணாடி என்பது சுவர்தான். நம் கண்ணுக்குத் தெரிகிறதே என்று தடுப்புக்கு வெளியே வைத்து அதற்குள் பார்க்கச் சொன்னால் ஒன்றும் தெரியாது. ஆனால் இந்த முறையில் அது தேவையே இல்லை. நுழையும்போது கதவுக்கும் தடுப்புக்கும் நடுவே ஒரு தடவை பிடித்தால் போதும்.

ஒரே ஒரு ஓட்டை. கதவை மூடிய பிறகும் பிஐஆரின் வெளியீடு சில நொடி 'ஆள் உண்டு' என்றே நிற்கும். வெளியே போனவர் கதவைச் சாத்தியவுடன் அந்தப் பழைய சிக்னலைப் புது அசைவு என்று எடுத்துக்கொண்டால் விடிய விடிய விளக்கு எரியும். எனவே கதவு மூடிய பிறகு பிஐஆர் ஒரு தடவை கீழே இறங்கி மறுபடி ஏறினால்தான் கணக்கில் எடுக்க வேண்டும். ஹெச்சி-எஸ்ஆர்501 என்ற பிஐஆர் மாட்யூலில் நேரத்துக்கு ஒரு திருகு இருக்கும், அதைக் குறைந்தபட்சத்துக்குத் திருகி வையுங்கள். காத்திருப்பதையெல்லாம் மென்பொருளில் பார்த்துக்கொள்ளலாம்.

வாசிப்பறை எழுதியது:

குளியலறை முடிந்தது என்றே வைத்துக்கொள்கிறேன், இவ்வளவு எளிதாக இருக்கும் என்று நினைக்கவில்லை. ஆனால் கதவைத் திறந்து போட்டுவிட்டு உள்ளே போகிற ஆள் இருந்தால்?

கதவோரம் எழுதியது:

திறந்திருந்தால் வெறும் பிஐஆர், டைமர். வேறு வழியில்லை. பொதுக் கட்டடங்களில் தடுப்புகள் நிறைய உள்ள கழிவறைகளுக்கு அல்ட்ராசோனிக் போடுவார்கள். 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியால் அறையையே நிரப்பி, எதிரொலியில் டாப்ளர் மாற்றம் பார்ப்பது. ஒலி சுவரில் பட்டுத் தடுப்பைச் சுற்றி உள்ளே போய்விடும், நேர்ப் பார்வை தேவையில்லை. அதோடு பிஐஆரையும் ஒரே பெட்டியில் வைத்து, எரிய இரண்டும் ஒத்துக்கொள்ள வேண்டும், தொடர்ந்து எரிய ஏதாவது ஒன்று போதும் என்று எழுதியிருப்பார்கள். காற்று வேகமாக அடிக்கும் இடத்தில் அல்ட்ராசோனிக்கும் ஏமாறும். ஒரு வீட்டுக் குளியலறைக்கு இது எல்லாம் அதிகம்.

பழையரிலே எழுதியது:

அந்த "எரிய இரண்டு, தொடர ஒன்று" என்பதை வாசிப்பறை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளட்டும். படிக்கும் அறைக்கும் அதுதான் வழி.

இன்னொரு சோம்பேறி வழியும் உண்டு. விளக்கைக் கையால் போடுங்கள், அணைப்பதை மட்டும் சென்சாரிடம் விடுங்கள். நடைவழியில் போகிறவருக்கு அறையில் விளக்கு எரிகிற தொல்லை ஒரே அடியில் போய்விடும். தானாக எரிவதில் இருக்கும் சுகத்துக்காக நாம் படுகிற பாடு இருக்கிறதே!

தெர்மோபைல் எழுதியது:

அப்பாவின் அறையைப் பற்றி யாருமே பேசவில்லை. அங்கே வெப்ப அரே, அதாவது வெப்பத்தை அளக்கும் புள்ளிகளின் வரிசை, வைத்துப் பாருங்கள். பேனசோனிக்கின் ஏஎம்ஜி8833 என்பது 8-க்கு 8, மொத்தம் 64 புள்ளி, 60 டிகிரி பார்வை, நொடிக்கு 10 தடவை வரை அளக்கும். இது பிஐஆர் மாதிரி மாற்றத்தை மட்டும் பார்ப்பதில்லை, ஒவ்வொரு புள்ளியின் வெப்பத்தையும் தருகிறது. அசையாமல் படுத்திருப்பவரும் தெரிவார், முகம் தெரியாது.

ஆனால் எங்கே மாட்டுகிறீர்கள் என்பதில் இருக்கிறது. நான்கு மீட்டர் தள்ளிச் சுவரில் வைத்தால் 60 டிகிரி பார்வையின் அகலம் 4.6 மீட்டர், எட்டால் வகுத்தால் ஒரு புள்ளிக்கு 58 சென்டிமீட்டர். 20 சென்டிமீட்டர் முகம் அந்தப் புள்ளியின் பரப்பில் எட்டில் ஒரு பங்குதான். 33 டிகிரி முகம், 27 டிகிரி அறை என்றால் அந்தப் புள்ளி ஏறுவது 0.7 டிகிரி. போர்வை போர்த்தியிருந்தால் உடம்பின் மற்ற பகுதியெல்லாம் மெதுவாக அறையோடு கலந்துவிடும். அதே சென்சாரைப் படுக்கைக்கு நேர் மேலே இரண்டு மீட்டர் உயரத்தில் வைத்தால் புள்ளிக்கு 29 சென்டிமீட்டர், அதே முகம் இப்போது பாதியை நிரப்பும், ஏற்றம் கிட்டத்தட்ட 3 டிகிரி. இரவும் பகலுமான வித்தியாசம்.

இன்னும் நுணுக்கம் வேண்டும் என்றால் மெலெக்சிஸின் எம்எல்எக்ஸ்90640, 32-க்கு 24. ஆனால் 768 புள்ளிகளைப் பார்த்து முடிவெடுக்க நிரல் எழுத வேண்டும். பின்னணியை மெதுவாகக் கற்றுக்கொண்டே போய்க் கழிக்க வேண்டும், இல்லையென்றால் காலை வெயில் தரையில் விழுந்தாலே ஆள் என்று சொல்லும். மெதுவாகக் கற்கிறேன் என்று விட்டால் ஆறு மணி நேரம் அசையாமல் தூங்குகிறவரையே பின்னணி என்று கற்றுக்கொண்டு மறந்துவிடும். ஆள் இருப்பதாக முடிவு செய்த புள்ளிகளில் கற்பதை நிறுத்தி வைக்க வேண்டும். இந்த ஒரு வரியில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

சாலிடர்புகை எழுதியது:

எனக்கு இது சுற்றி மூக்கைத் தொடுகிற மாதிரி இருக்கிறது. அவர் கேட்டது அறையில் ஆள் இருக்கிறாரா என்பதே இல்லை, படுக்கையை விட்டு எழுந்தாரா என்பது. கட்டில் கால்களுக்கு அடியில் லோட் செல் (எடை உணரி), அதைப் படிக்க ஒரு ஹெச்எக்ஸ்711 சிப், முடிந்தது. எடை இறங்கினால் எழுந்துவிட்டார். புரண்டால் எடை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறும், மொத்தம் மாறாது. நான்கு கால்களையும் கூட்டிப் பாருங்கள், புரள்வதும் எழுவதும் தானாகப் பிரிந்துவிடும். அறையின் வெப்பம், போர்வை, மின்விசிறி, திரை எதுவும் கணக்கில் வராது.

நாள் போக்கில் பூஜ்யம் கொஞ்சம் நகரும், அதனால் எடை எவ்வளவு என்று பார்க்காமல் சில நொடிக்குள் எவ்வளவு இறங்கியது என்று பாருங்கள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தால் மொத்தம் கொஞ்சம்தான் குறையும், ஏனென்றால் கால் தரையில் ஊன்றியிருக்கும். அந்தக் குறைவிலேயே விளக்கை மங்கலாக எரியவிட்டால், அவர் நிற்பதற்கு முன்பே வெளிச்சம் வந்துவிடும்.

தெர்மோபைல் எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன், கட்டிலுக்கு அது நல்ல வழி. தரையில் பாய் விரித்துப் படுப்பவராக இருந்தால் என்னிடம் திரும்பி வாருங்கள்.

வாசிப்பறை எழுதியது:

கட்டில்தான். லோட் செல் என்றதும் அப்பாவிடம் கேட்டேன், "எடையைப் பார்த்து எனக்குச் சாப்பாட்டைக் குறைத்துவிடாதே" என்றார். அனுமதி கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு சந்தேகம். கீழே விழுந்தால் கண்டுபிடிக்கும் ரேடார் என்று விற்கிறார்களே, அதையும் சேர்த்துப் போடலாமா?

அலைநீளம் எழுதியது:

போடலாம், ஆனால் அதை நம்பி மற்ற ஏற்பாட்டைக் கைவிடாதீர்கள். அந்த வகை 60 கிகாஹெர்ட்ஸ் மாட்யூல்கள் பார்ப்பது, உயரத்தில் இருந்த ஓர் உருவம் சட்டென்று கீழே போய் அங்கேயே கிடக்கிறதா என்பதைத்தான். கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே மெதுவாகச் சரிந்து உட்கார்ந்துவிட்டால் அது விழுந்த கணக்கில் வராமல் போகலாம். குனிந்து செருப்பைத் தேடினால் வந்துவிடலாம். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் கைக்கு எட்டும் ஓர் அழைப்பு மணிதான் முதலில், ரேடார் அதற்குப் பிறகு.

காற்றோட்டம் எழுதியது:

கார்பன் டை ஆக்சைடு சென்சாரை யாரும் சொல்லவில்லையே? மூடிய அறையில் ஆள் இருந்தால் அளவு ஏறும், அசைவே தேவையில்லை.

பழையரிலே எழுதியது:

ஏறும், ஆனால் நீங்கள் உட்கார்ந்து பல நிமிடம் கழித்து ஏறும், எழுந்து போய் வெகுநேரம் கழித்துத்தான் இறங்கும். வெளிக்காற்றில் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) போல இருப்பது அறையில் எவ்வளவு ஏறும் என்பது ஜன்னல் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. காற்றோட்ட விசிறியைக் கூட்டிக் குறைக்க அருமையான சென்சார், விளக்குக்கு ஆகாது. யாராவது கேட்பதற்குள் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: புளூடூத்தில் போனைப் பிடிப்பது ஆளைப் பிடிப்பது ஆகாது, போன் மேசையில் கிடக்கும், ஆள் தோட்டத்தில் இருப்பார். வைஃபை அலையின் சிஎஸ்ஐ (அலை வரும் வழியின் நிலையைச் சொல்லும் தகவல்) மாற்றத்தை ஈஎஸ்பி32-இலேயே எடுக்கலாம். விளையாடிப் பார்க்க அருமை, ஆனால் அலமாரியை நகர்த்தினால் அளவெல்லாம் மாறிப்போய் முதலிலிருந்து பழக்க வேண்டியிருக்கும்.

வாசிப்பறை எழுதியது:

எல்டி2410 வந்துவிட்டது, ஜிப்சம் சுவரில், நாற்காலியைப் பார்த்து, மேசைக்குச் சற்று மேலே மாட்டியிருக்கிறேன். பழைய பிஐஆர் மூலையிலேயே இருக்கிறது. விளக்கு இப்போது படிக்கும்போது அணைவதில்லை. ஆனால் ஆளில்லாத அறையிலும் சில சமயம் 'அசையாத ஆள்' என்று காட்டுகிறது. வரம்பை எந்த எண்ணில் வைப்பது?

சாலிடர்புகை எழுதியது:

யாருடைய எண்ணையும் கேட்காதீர்கள், உங்கள் அறையின் எண்ணை நீங்கள்தான் எடுக்க வேண்டும். இன்ஜினியரிங் மோடைப் போடுங்கள், ஒவ்வொரு கேட்டுக்கும் 0 முதல் 100 வரை ஆற்றல் அளவு வரும். முதலில் அறையைக் காலி செய்து, கதவைச் சாத்தி, மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு, திரையையும் ஆடவிட்டுப் பதிவு செய்யுங்கள். சராசரியைப் பார்க்காதீர்கள், உச்சத்தைப் பாருங்கள். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து படித்துக்கொண்டே அதே பதிவு. இந்தத் தடவை ஒவ்வொரு கேட்டிலும் அடிமட்டத்தைப் பாருங்கள். உதாரணத்துக்கு, மூன்றாம் கேட்டில் காலி அறையின் உச்சம் 18, உட்கார்ந்தபோது அடிமட்டம் 34 என்றால் வரம்பை 26 பக்கம் வைக்கலாம். இரண்டும் ஒன்றோடொன்று ஏறிக்கிடக்கிற கேட்டில் எந்த எண்ணும் உதவாது. அங்கே அசையாத வரம்பை 100 ஆக்கி அந்தக் கேட்டையே மறந்துவிடுங்கள், அல்லது சென்சாரை அரை மீட்டர் நகர்த்துங்கள். நகர்த்தினால் நாற்காலி வேறு கேட்டுக்குப் போய்விடும், திரை வேறு கேட்டுக்குப் போய்விடும், பெரும்பாலும் அதிலேயே தீர்ந்துவிடும்.

0, 1 என்ற முதல் இரண்டு கேட்டுக்கும் அசையாத ஆளின் வரம்பை மாற்ற முடியாது, அதையும் நினைவில் வையுங்கள். அதனால் நாற்காலியை சென்சாருக்கு ஒன்றரை மீட்டருக்கு அப்பால் வைப்பது நல்லது.

அலைநீளம் எழுதியது:

பிஐஆரை மூலையிலேயே விட்டது நல்ல முடிவு, தெரிந்து செய்தீர்களோ தெரியாமல் செய்தீர்களோ. பிஐஆருக்குக் குறுக்கே நடக்கிறவர் நன்றாகத் தெரிவார், நேராக அதை நோக்கி வருகிறவர் சரியாகத் தெரியமாட்டார். ரேடாருக்கு அப்படியே தலைகீழ், நோக்கி வருவதும் விலகுவதும்தான் அதற்கு அசைவு. இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தால் இந்த வசதி பாதி வீணாகும். கதவிலிருந்து வரும் பாதைக்குக் குறுக்கே பார்க்கும்படி பிஐஆர், மார்புக்கு நேரே ரேடார்.

வாசிப்பறை எழுதியது:

மின்விசிறியின் முழு வேகத்தில் இரண்டாம் கேட்தான் வில்லன். சென்சாரை நாற்காலியிலிருந்து இன்னும் தள்ளி, கொஞ்சம் கீழே சாய்த்து வைத்ததும் நாற்காலி மூன்றாம் கேட்டுக்குப் போய்விட்டது, இரண்டாம் கேட்டை அணைத்துவிட்டேன். நிரலில் இப்படி எழுதியிருக்கிறேன்: பிஐஆரும் ரேடாரும் இரண்டும் சொன்னால் விளக்கு எரியும், எரிந்த பிறகு ரேடார் மட்டும் சொன்னாலும் தொடரும், இரண்டும் இல்லை என்று ஒரு நிமிடம் ஆனால் அணையும். நடைவழியில் போகிறவர்களுக்கு இப்போது எரிவதில்லை, ஏனென்றால் பிஐஆருக்குச் சுவர் தாண்டித் தெரியாது. ஆனால் நான் எழுந்து போன அந்த ஒரு நிமிடத்துக்குள் நடைவழியில் யாராவது நின்று பேசினால், ரேடார் அதைப் பிடித்துக்கொண்டு விளக்கை அணையவே விடுவதில்லை.

கதவோரம் எழுதியது:

அதிகபட்சக் கேட்டை நாற்காலிக்கு அடுத்ததோடு நிறுத்துங்கள். அதற்கு மேலும் தொல்லை என்றால், ரேடார் மட்டும் விளக்கைப் பிடித்து வைக்கக்கூடிய நேரத்துக்கு ஓர் எல்லை வையுங்கள். அரை மணி நேரமாகப் பிஐஆர் ஒரு தடவைகூட வாய் திறக்கவில்லை என்றால் விளக்கை அணைக்காமல் மங்க வையுங்கள். உள்ளே இருப்பவர் நிமிர்ந்து பார்த்தாலே போதும், பிஐஆர் விழித்துக்கொள்ளும். இல்லாதவர் நிமிரப் போவதில்லை.

வாசிப்பறை எழுதியது:

மங்க வைப்பது நல்ல யோசனை, இன்றே எழுதிவிடுகிறேன். குளியலறைக்கு ஈஎஸ்பி8266 (ஈஎஸ்பி32-இன் பழைய தம்பி) ஒன்று சும்மா கிடக்கிறது, அதில் பிஐஆரும் கதவுக் காந்தமும் போதும்தானே? பிறகு ஒரு நாள் அதிலேயே ரேடாரும் சேர்க்கலாமா?

சாலிடர்புகை எழுதியது:

பிஐஆர், காந்தம் இரண்டுக்கும் தாராளமாகப் போதும், ஆனால் ஹெச்சி-எஸ்ஆர்501-ஐ வைஃபை ஆன்டெனாவுக்குப் பக்கத்திலேயே ஒட்டி வைக்காதீர்கள், வைஃபை அனுப்பும்போதெல்லாம் அது பொய்யாகத் துடிக்கும். ஒரு சாண் கம்பி விட்டுத் தள்ளி வையுங்கள். ரேடார் சேர்ப்பதென்றால் எல்டி2410 256000 பாட் (நொடிக்கு அத்தனை பிட்) வேகத்தில் பேசும், ஈஎஸ்பி8266-இல் மென்பொருளால் ஓட்டும் சீரியல் இணைப்பு அந்த வேகத்துக்குத் தாங்காது. அதன் ஒரே ஹார்ட்வேர் சீரியலைக் கொடுத்துவிட்டு, லாக் எழுதுவதை அதிலிருந்து நிறுத்த வேண்டும். இல்லையென்றால் ரேடாரின் ஓயூடி என்ற வெளியீட்டுக் கம்பியை மட்டும் ஒரு பின்னில் இணையுங்கள், கேட் அளவெல்லாம் கிடைக்காது, உண்டு இல்லை மட்டும் வரும். 5 வோல்ட்டுக்கு 200 மில்லிஆம்பியருக்கு மேல் தாராளமாகத் தரும் சப்ளை வேண்டும்.

வாசிப்பறை எழுதியது:

அப்படியென்றால் ஈஎஸ்பி32-ஏ வாங்கிவிடுகிறேன். லோட் செல் வந்ததும் கட்டிலின் எண்களை இங்கே போடுகிறேன்.